மஞ்சள் தாள் தேடிய சித்திரை

போன சனிக்கிழமை பாரிமுனைக்குப் போய்விட்டு வந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை நித்யாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. பத்திரிகையைத் தன் கையாலேயே செய்யப்போகிறாளாம். சாமான் வாங்கத் துணைக்கு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். காகிதக் கட்டுகளைத் தலையில் சுமந்தபடி ஆட்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற ஒரு சந்து. அதில் ஏணி மாதிரி செங்குத்தான படி ஏறிப் போனால் ஒரு கடை. வாழைநார் கலந்த தாள், பூவிதழ் பதித்த தாள், சணல் கயிறு, அரக்கு முத்திரை என்று கடைக்காரர் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நித்யா ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கையால செஞ்சு குடுத்தாதாங்க்கா ஒரு இது இருக்கும். பிரஸ்ல அடிச்சத எல்லாம் யாரு பாக்கறா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். இத்தனை வருட உத்தியோகத்தில் முழுதாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் ஒரு பெரிய கட்டைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் தாள். அடுக்கிலிருந்து புதிதாக உருவிய தாளுக்கு ஒரு வாசனை இருக்கிறது, கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் ஈர மரம் மாதிரி. அது மூக்கில் ஏறியதும் எங்கிருந்தோ மைதாப் பசை கொதிக்கிற வாசனையும் சேர்ந்துகொண்டது. கடையில் அடுப்பு எதுவும் இல்லை. நான்தான் கொண்டுவந்திருந்தேன்.

"நீங்க இந்த மாதிரி செஞ்சிருக்கீங்களாக்கா?" என்று நித்யா கேட்டாள்.

"ஒரு தடவ."

"அய்யோ, சொல்லவே இல்லியே! யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு" என்றேன். அதற்குள் கடைக்காரர் இன்னொரு நிறத்தைக் காட்ட, அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். மீதியை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரையில் ஒரு குப்பம் எங்களுடையது. பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டருக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச தூரத்தில் ஆந்திரா. ரோட்டு வழியாகப் போனால் ஆந்திரா வந்துவிட்டது என்று போர்டு சொல்லும், செக்போஸ்ட் சொல்லும், பிராந்திக் கடை சொல்லும். ஏரியில் எதுவும் சொல்லாது. வலைத் தகராறு வந்தால்தான் எல்லை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் நைனா, அதாவது எங்கள் அப்பா, அந்தப் பக்கத்து ஆளிடம் நெருப்பு வாங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு வருவார். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூடத் தண்ணீர் மேலேயே நடந்துகொண்டிருந்தது. அங்கே இருப்பவர்களும் நம் ஜனம்தான். பேச்சில் தெலுங்கு கொஞ்சம் கூடுதல், குழம்பில் காரம் கூடுதல்.

அக்கா பெயர் அமுதா. அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளுக்கு இருபது வயது. அம்மா அதிலிருந்து எழாமலே போய்ச் சேர்ந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். நடுவில் வந்த வரன்களுக்கெல்லாம் "அம்மா எழுந்து உக்காரட்டும்" என்று அவளே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க, தூக்கி உட்கார வைக்க, அந்த வேலையெல்லாம் அவளுடையது. நான் படித்தேன். படித்தேன் என்றால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போன பிறகுதான் முரளி மாமா வீட்டிலிருந்து வந்தார்கள். இன்று எந்த உறவும் இல்லாதவரை நான் இன்னும் மாமா என்றுதான் சொல்கிறேன், பாருங்கள். ஏரிக்கு அந்தாண்டைத் தீவுக் குப்பம். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கும் தலையில் நரை. தை மாதத்தில் நிச்சயம் பண்ண வந்தபோது தோள் துண்டை மடியில் போட்டு இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காப்பி கொடுத்தபோதுதான் கையை வெளியே எடுத்தார். நகக்கண் எல்லாம் கிரீஸ் கறுப்பு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை போல.

"கைய மறச்சிகினே இருந்தாருடி" என்று அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என்னிடம் சொன்னாள். "நல்ல மனுசன்."

அதன் பிறகு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அக்காவுக்குக் குரல் கிடையாது. இருந்தாலும் கேட்டது.

வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். ஆரம்பாக்கத்தில் ஓர் அச்சகத்தில் விஷயத்தை எழுதிக் கொடுத்து, அவர்கள் அடித்துக் காட்டிய முதல் தாளில் அமுதாவின் "மு"வைத் திருத்தியும் கொடுத்துவிட்டு வந்தோம். பங்குனியில் ஊரடங்கு வந்தது. அதைப்பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருப்பீர்கள். எனக்கு அப்போது தடா பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் ஏதோ ஒரு பொட்டு சைஸ் பாகத்தை ஒட்டுகிற வேலை. சேர்ந்து சில மாதம்தான். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே தண்ணீர்க் குழாய்க்குப் போவேன், அவ்வளவு பெருமை. கம்பெனியை மூடினார்கள். அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அச்சகத்துக்காரர் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கடை ஷட்டருக்குள் அக்கா கல்யாணம் கிடந்தது.

சித்திரைக் கடைசியில் முரளி மாமா நைனாவுக்குப் போன் பண்ணினார். நைனா காதில் வைத்துக் கேட்கிற ஆள் இல்லை. முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்துவார். அதனால் நாங்களும் கேட்டோம்.

"மாமா, பாஸ் வாங்கினாத்தான் செக்போஸ்ட்ல வண்டிய வுடுவாங்களாம். பாஸுக்குக் கல்யாணப் பத்திரிகைய போட்டா எடுத்து அனுப்பணுமாம். அது இல்லாம முடியாதுன்றாங்கோ."

"பத்திரிக எங்கப்பா கீது? அச்சாபீசு பூட்டிக் கெடக்குது."

"ஏதாவது ஒண்ணு பண்ணுங்கோ மாமா."

போனிலேயே ஒன்றைச் செய்துவிடலாம் என்று நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் என்னுடையது. அதில் தமிழில் அடித்துப் படத்துக்குள் போட்டால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. மணமகள் பெயர் மூன்று கட்டம், மணமகன் பெயரும் மூன்று கட்டம். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையால் எழுதிவிடலாம் என்றாள்.

"ஒண்ணு எழுதினா போதுமேக்கா. போட்டா எடுத்து அனுப்பத்தான?"

"ஒண்ணே ஒண்ணு எழுதினா அது பத்திரிகையா? லீவு லெட்டருடி. அம்மனுக்கு ஒண்ணு வெக்கணும். பெரியம்மா வூட்டுக்கு ஒண்ணு. அவங்க வூட்டுக்கு நாம ஒண்ணு குடுக்க வாணாமா? தாம்பாளத்துல வெச்சிக் குடுக்கற மாதிரி இருக்கணும். வர முடியலன்னா போவுது. கூப்புட்டோம்னு இருக்கணும்ல."

இப்படித்தான் கல்யாணப் பெண்ணும் நானும் சாமான் தேடிப் புறப்பட்டோம். குப்பத்து வாயிலில் ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். காலையில் மட்டும் அரிசி பருப்பு வாங்க ஆள் வெளியே போகலாம். பழைய புடவையைக் கிழித்துத் தைத்த முகமூடியைக் கட்டிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"எங்கம்மா போறீங்க?"

"கல்யாணப் பத்திரிகைக்குப் பேப்பர் வாங்க சார்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காத்தால இருந்து எத்தனையோ கத கேட்டேன். இத்த மாதிரி ஒண்ணு கேக்கல. மாத்தர வாங்கன்னு சொன்னாலாவது வுட்டிருப்பேன். திரும்பு."

அக்காதான் முன்னால் வந்தாள். "எனக்குத்தான் சார் கல்யாணம்" என்றாள். அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தடியை நகர்த்தினார். எதனால் விட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகமூடிக்கு மேலே தெரிந்த அவள் கண்ணாக இருக்கும்.

ஆரம்பாக்கத்தில் மளிகைக்கடை தவிர எல்லாம் அடைப்பு. ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் மட்டும் ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. குனிந்து கூப்பிட்டோம். உள்ளேயிருந்து ஒரு அம்மாவின் குரல் மட்டும் வந்தது. கலர் தாளா, எலி கடித்துவிட்டதே. ஜரிகைக் கயிறா, அது சீசனுக்குத்தான் வரும். கடைசியில் ஜிகினா பேனா ஒன்று ஷட்டருக்கு அடியில் உருண்டு வந்தது. "காஞ்சிருக்கும், சுடுதண்ணில போட்டுப் பாரு" என்றது குரல். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் போட்டோம். மூடி மட்டும் உருகியது.

தாள் கிடைத்தது குப்பத்திலேயேதான். எங்கள் ஆரம்பப் பள்ளி டீச்சர் பசியாவரம் தீவுக்காரர். படகுகள் நின்றுவிட்டதால் ஊருக்குப் போக முடியாமல் இங்கேயே தங்கியிருந்தார். நாங்கள் கேட்டதும் பள்ளிக்கூட அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் எழுதிய அட்டைகள், பெருக்கல் வாய்ப்பாடு, ஆத்திசூடி. அடியில் மஞ்சள் சார்ட் சுருள் ஒன்று இருந்தது. விரித்தால், நம் ஏரியின் பறவைகள்.

"ஆய்வுக்கு வர்றாங்கன்னு நானே வரைஞ்சது. பின்பக்கம் சுத்தமா இருக்கும்மா" என்றார்.

"நீங்க வரைஞ்சத வெட்டணுமே டீச்சர்" என்றாள் அக்கா.

"பசங்களே இல்ல. பறவை யாருக்கு?" என்று சொல்லிக் கத்தரிக்கோலையும் கொடுத்தார்.

வெட்டினோம். மடித்தால் உள்பக்கம் சுத்தமான மஞ்சள். வெளிப்பக்கம் ஒன்றில் பூநாரையின் கால், இன்னொன்றில் கூழைக்கடாவின் தாடை. அதை மறைக்க என்ன ஒட்டுவது என்று யோசித்தபோதுதான் அக்கா கதவுக்குப் பின்னால் போய்க் கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் அந்தக் கம்பியில்தான் குத்தி வைப்போம். அம்மா ஆரம்பித்த பழக்கம். ஒவ்வொன்றிலும் பிள்ளையார் இருப்பார், தாமரை இருக்கும், கைகூப்பிய பெண் இருப்பாள். வெட்டி ஒட்டினால் ஆயிற்று.

ஆனால் அக்கா உடனே வெட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். எனக்குச் சிறிய எழுத்துகளில் அச்சடித்த வெறும் பெயர்கள். அவளுக்கு அப்படி இல்லை. கலாவின் பத்திரிகை வந்தபோது, "இவ கல்யாணத்துக்கு நான்தான் பூ கட்டினேன். இவ பொண்ணு இப்ப பத்தாவது" என்றாள். இன்னொன்றைப் பிரித்து, "இவங்க ரெண்டு பேரும் இப்ப பேசிக்கறதில்ல" என்று சொல்லிப் பிள்ளையாரை மட்டும் வெட்டிக்கொண்டாள். ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெட்டாமல் தள்ளி வைத்தாள். அந்த மாப்பிள்ளை கடலுக்குப் போனவர், கல்யாணமான வருடமே திரும்பவில்லை. "இதுலேந்து எடுக்க வாணாம்" என்றாள். அவள் வயதுப் பெண்கள் எல்லோரும் அந்தக் கம்பியில் இருந்தார்கள். எல்லோர் கல்யாணத்துக்கும் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று வேகமாகத் திரும்பி வந்தவள் அவள்.

மைதாவைக் கரைத்து அடுப்பில் கிண்டினாள். கட்டி தட்டாமல் கிண்டுவதில் அவளை மிஞ்ச முடியாது. அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிய கை. கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டாள், மங்களமாக இருக்கட்டும் என்று. வீடெல்லாம் அந்த வாசனை. பிள்ளையாரை ஒட்டினோம். சில இடத்தில் பிள்ளையார் சின்னதாகிவிட்டார், பறவை பெரிதாகிவிட்டது. ஒரு பத்திரிகையில் பிள்ளையாருக்குக் கீழே இரண்டு நீளமான சிவந்த கால்கள் நின்றன. நானும் அக்காவும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. சத்தம் கேட்டு நைனா எட்டிப் பார்த்தார். அவர் அதுவரை இந்த வேலையில் தலையிடவில்லை. பத்திரிகையைக் கையில் வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"கட்றதுக்குக் கயிறு?"

"கெடைக்கல நைனா."

உள்ளே போய் வலை தைக்கிற சிவப்பு நூல்கண்டை எடுத்து வந்து போட்டார். "இத்தக் கட்டு. அறுவாது."

எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். என் எழுத்து, ஈர மணலில் நண்டு போன மாதிரி இருக்கும். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே எழுதினாள். கலாவின் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்தாள். பார்த்து எழுதிய வேகத்தில் முதல் பத்திரிகையில் மணமகள் பெயராகக் கலாவையே எழுதிவிட்டாள். மற்றவற்றில் அம்மா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்று எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். கடைசி வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்துன்னு போட்டிருக்குதே. ஆளே வரக்கூடாதுன்னு சொல்றாங்கோ. எழுதறதா?"

"எழுதுக்கா."

எழுதினாள். சுழி எல்லாம் அழகாக வந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். முரளி மாமா உடனே கூப்பிட்டார். "அந்தக் கால் இன்னா கால் அமுதா?" என்று கேட்டு அவரும் சிரித்திருக்கிறார். அக்கா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டதால் மற்றது எனக்குத் தெரியாது.

பாஸ் விண்ணப்பம் திரும்பி வந்தது. அச்சகத்தின் பெயர் இல்லாத பத்திரிகை செல்லாதாம். பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்குமே, அதை நாங்கள் யாருமே படித்ததில்லை. நான் செய்யாறில் இருந்த அச்சகத்துக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பாவம் அவர், "என் பேர எழுதிக்கம்மா, எப்படியாவது நடக்கட்டும்" என்றார். அக்கா அந்தப் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக, அச்சு மாதிரியே எழுதினாள். திரும்ப அனுப்பினோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. மறுநாள் பார்த்தாலும் பரிசீலனையில் உள்ளது. முகூர்த்தத்துக்கு முதல் நாளும் பரிசீலனையில் உள்ளது.

அன்றைக்கு முரளி மாமா அக்காவிடம் சொன்னார், "ரோடு வாணாம். நான் தண்ணியில வரேன்."

நைனா ஊர்த் தலைவரிடம் போனார். அந்த மனிதரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம்தான் அவருடைய மச்சான் ஆஸ்பத்திரியில் இறந்து, உடம்பைக்கூட ஊருக்குக் கொண்டுவர விடவில்லை. கரையில் நின்றுகொண்டே ஒப்பாரி வைத்த வீடு அது. "ஊருல புள்ளகுட்டிங்க கீது. அந்தாண்டையிருந்து ஒரு ஆளு எறங்கக் கூடாது. உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான். மனசக் கல்லாக்கிகினு சொல்றேன்" என்றாராம். நைனா அதை எங்களிடம் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் அக்கா நிச்சயத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டாள். விடிவதற்குள் எழுந்து பாயசம் வைத்து, வடையும் தட்டி வைத்திருந்தாள். கரைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஊர் ஆண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாரும் மாமன், சித்தப்பன், பெரியப்பன். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

வைகாசியில் ஏரி வற்றிப் போயிருக்கும். கரையோரம் ரொம்ப தூரத்துக்கு முட்டியளவு தண்ணீர்தான். மாப்பிள்ளை வீட்டுப் படகு கோல் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்து, சேறு தட்டியதும் நின்றுவிட்டது. முரளி மாமா வெள்ளை வேட்டி சட்டையில் நின்றார். அவருடைய அம்மா மடியில் மஞ்சள் துணி மூடிய தட்டு. கூட ஒரு தங்கை புருஷன். குரல் எட்டுகிற தூரம்.

"யாரும் எறங்காதீங்கோ" என்று தலைவர் கையை உயர்த்திக் கத்தினார். "தப்பா நெனைக்காதப்பா. ஊர்க் கட்டு."

நைனா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்ணீரில் பாதி தூரம் போனார். பின்னாலேயே அக்காவும் இறங்கிவிட்டாள். பட்டுப்புடவை முட்டிவரை நனைந்தது. "அமுதா, தாண்டிப் போனா திரும்பி வர முடியாது, சொல்லிட்டேன்" என்றார் தலைவர். அவர் குரல் உடைந்திருந்தது.

அக்கா நின்ற இடத்திலேயே நின்று, படகைப் பார்த்துக் கேட்டாள், "நான் அங்கயே வந்துடட்டா?"

முரளி மாமா வாயைத் திறந்தார். அவருடைய அம்மாதான் பேசினார். "எங்க ஊருலயும் கட்டு போட்டிருக்குதும்மா. எங்களயே திரும்பிச் சேப்பாங்களான்னு தெரியல. உன்ன எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

"இங்கயே கட்டிரட்டும். படகு மேலயே" என்று நைனா சொன்னார். நைனா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் கேட்டார்.

"தண்ணி மேல தாலி கட்டறதாண்ணே? கட்டி? அவ ஒரு கரை, இவன் ஒரு கரையா?" என்று அந்த அம்மா அழ ஆரம்பித்தார். "கூரப் புடவையாவது குடுத்துட்டுப் போறேன். என் மருமவ கட்டிக்கட்டும்."

கரையில் நின்றவர்களுக்குள் ஒரு சலசலப்பு. துணியில் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரோ சொன்னார்கள். தலைவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். புடவையும் இறங்கவில்லை.

முகூர்த்த நேரம் வந்தது, போனது. வெயில் உச்சிக்கு வரும்வரை படகு அங்கேயே நின்றது. பிறகு அந்தத் தங்கை புருஷன் கோலை எடுத்தார். முரளி மாமா கடைசிவரை திரும்பி உட்காராமல் எங்களைப் பார்த்தபடியே போனார். அக்கா கரைக்கு வந்து புடவையைப் பிழிந்தாள். வீட்டுக்குப் போனதும் பாயச அண்டாவை என்னிடம் தூக்கிக் கொடுத்தாள்.

"போய் அவங்களுக்கு ஊத்து."

"யாருக்கு?"

"கரையில நிக்கறாங்களே, அவங்களுக்கு. காத்தாலேந்து ஒண்ணும் சாப்புடாம நிக்கறாங்கோ."

நான் கொண்டுபோய் ஊற்றினேன். அந்த ஆண்கள் டம்ளரைத் தலைநிமிராமல் வாங்கிக் குடித்தார்கள். தலைவர் மட்டும் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றார்.

இன்னொரு முகூர்த்தம் பார்க்கலாம் என்றுதான் பேச்சு இருந்தது. ஆடியில் முரளி மாமாவின் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, உயிர் தங்கவில்லை. தவறிப்போன முகூர்த்தம் ராசியில்லை என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். போன் குறைந்தது. அடுத்த தையில் அவரே ஒருநாள் கூப்பிட்டார். அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டாள். கடைசியில், "சரிங்கோ. நல்லா இருங்கோ" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினாள்.

"உள்ளூருப் பொண்ணாம். ஒரே தெருவாம். பத்திரிகையே அடிக்கலியாம்" என்றாள்.

நாங்கள் செய்தவற்றில் ஒன்றை அம்மன் காலடியில் வைத்திருந்தாள். மற்றவை டிரங்குப் பெட்டிக்கு மேல் இருந்தன. மைதாப் பசைக்குக் கரப்பான் வரும் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் பிள்ளையார்களையெல்லாம் தின்றுவிட்டன.

பாரிமுனைக் கடையில் நித்யாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. அவள் வாழைநார்த் தாளும் அரக்கும் வாங்கிக்கொண்டாள். நன்றாக வரட்டும். நிறையப் பேர் வரட்டும்.

எனக்கு அதற்கப்புறம் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்துவிட்டேன். என் பத்திரிகையை அக்காதான் வீடு வீடாகப் போய்க் கொடுத்தாள். ஆரம்பாக்கத்து அச்சகம் இப்போது செல்போன் கடை. வாயிலில் போட்ட பனைமரத்தை யாரோ விறகுக்கு எடுத்துக்கொண்டார்கள். தலைவர் காலமாகிவிட்டார். ஏரிக்கு அந்தாண்டை இப்போது யாரும் பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்கா கரையில் இறால் எடை போட்டு ஏற்றிவிடுகிற வேலையைப் பார்க்கிறாள். நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது; வீட்டோடு இருக்கிறார்.

முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் கிளம்பும்போது ஒரு சடங்கு உண்டு. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி நைனாவிடம், "பெரியவளுக்கு ஒரு எடம் கீது, பாக்கறியா?" என்பார்கள். உள்ளே இருக்கிற அக்காவுக்கு அது கேட்கும். பிடிக்காது. பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள். அம்மா இருந்தபோதும் அப்படி, போன பிறகும் அப்படி. சின்ன வயதில் எனக்கு விருந்தாளி கிளம்புவது என்றாலே அந்தப் பாத்திரச் சத்தம்தான்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மா வந்து நாள் முழுக்க இருந்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நைனாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவள வுட்டு ரெண்டு கிலோ எறா எடுத்து வெக்கச் சொல்லு. நாளைக்கு ஆளு அனுப்பறேன்."

"சொல்றேன்" என்றார் நைனா.

உள்ளே அக்கா பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் சத்தம் போடவில்லை.